பதினேழுக்கு நேரே காலி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது, மற்றதெல்லாம் சுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அண்ணனும் எப்படி? பேருந்து நிலைய மைக்கில் அவன் இன்னும் பயணிகளைக் கிண்டல் செய்கிறானா, இல்லை மேலாளர் வாயைக் கட்டிவிட்டாரா?

இந்தப் பெட்டியில் பதினாறு மெழுகு பிளாக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் நான் தட்டில் வளர்த்த திசு ஒரு நகக்கண் அளவுக்கு இருக்கிறது. இங்கே வெட்டுகிறவர் வெட்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. உங்கள் கையால் வெட்டினால்தான் எனக்கு விடிவு. அரைத் தாள் கனத்துக்கும் குறைவாக, ஒரு சுருக்கம் இல்லாமல் வெட்டுகிற ஆள் என் கண்ணுக்கு எட்டியவரை நீங்கள் ஒருவர்தான். இது ஐஸ் வைப்பது அல்ல, உண்மை.

வழக்கம்போல எண் போடுவது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு பிளாக்கிலும் ஒன்றோ இரண்டோ ஸ்லைடு எடுத்து, கலைத்து, உங்கள் இஷ்டத்துக்கு எண் போடுங்கள். எந்த எண் எந்த பிளாக் என்கிற பட்டியல் உங்களிடமே இருக்கட்டும். நான் பார்த்து மதிப்பெண் போட்டு அனுப்பிய பிறகு அனுப்புங்கள். எட்டு பிளாக்கில் புற்றுநோய்ப் புரதம் வேலை செய்கிறது, எட்டில் இல்லை. எது எது என்று முன்பே தெரிந்துவிட்டால் கண் பொய் சொல்லும்.

பேராசிரியர் கெடு வைத்துவிட்டார். இந்தத் தடவையும் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஜூன் மாதத்தோடு ஆராய்ச்சியை மூடிவிடுவாராம். மூன்று வருஷ உழைப்பு, அண்ணி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். அண்ணன் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவான், அப்புறம் வேலைப் பேச்சு எங்கே நடக்கும்?

உங்கள்
வாலு


பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

பெட்டி வந்தது. பிளாக் ஒன்றும் உடையவில்லை. நீ சாப்பிடுகிறாயா? "மற்றதெல்லாம் சுமார்" என்று எழுதினால் எனக்கு அதுதான் மண்டையைக் குடைகிறது.

ஆஸ்பத்திரியில் எங்கள் வெட்டும் அறையில் மாற்றமில்லை. அதே ஜன்னல் இல்லாத அறை, அதே மெழுகு வாடை. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணி நேரம் வருகிறார். அதற்குள் அறுபது எழுபது ஸ்லைடு பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பாவம், அவரையும் குறை சொல்வதற்கில்லை.

உன் அண்ணனுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண். உடைந்த பல் உரசுகிறது என்று பல் டாக்டர் ராவி விட்டார். மூன்று மாதமாகியும் ஆறவில்லை. "ரொம்பப் பேசுறேன்ல, தேஞ்சு போச்சு"ன்னு சிரிக்கிறார். காரம் பட்டால் மட்டும் முகம் சுருங்குகிறது. நான் பார்க்காதபோது.

நீ இத்தனை வருஷமாக இதையேதான் செய்கிறாய், ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் புரதம் சரியாக என்ன செய்கிறது? தட்டில் செய்வதைத்தான் மனித உடம்பிலும் செய்யுமா? உதாரணத்துக்கு, நாக்கில்?

வெட்ட ஆரம்பித்துவிட்டேன். உன் பிளாக்குகள் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுகின்றன.

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே சளியும் இருமலுமாக ஒரு வாரம் ஓடியது, இப்போது தேவலை. உங்கள் கடிதம்தான் மருந்து. பத்து வருஷத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள். அண்ணன் "தட்டுல என்ன வளக்குற, கீரையா?"ன்னு கேட்டதோடு சரி.

சொல்கிறேன், கேளுங்கள். வாய், நாக்கு, குடல், தோல் எல்லாவற்றின் மேலும் போர்த்தியிருக்கிற படலத்தைத்தான் புறத்திசு என்கிறோம். அதிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் மேல் எது கீழ் எது என்று தெரியும். பக்கத்துச் செல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய சவ்வு ஒன்று தரை மாதிரி இருக்கும். அதைத் தாண்டிக் கீழே போக எந்தச் செல்லுக்கும் அனுமதி இல்லை.

நான் பார்க்கிற புரதம் பிறவியிலேயே கெட்டது இல்லை, அண்ணி. கருவில் குழந்தையின் படலம் எங்கே வளர வேண்டும், எங்கே மடிய வேண்டும் என்று சொல்கிற கூட்டத்தில் அதுவும் ஒன்று. நாக்கு நாக்காக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். கெட்டுப்போனால் அடங்காது. "வளர், வளர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். செல்களின் இழுப்பும் பிடியும் மாறும். தட்டையாக இருந்த படலம் புடைக்கும், மடியும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒரே ஒரு செல் கெட்டால் அக்கம்பக்கத்துச் செல்களே அதை நெருக்கி வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. நிறையக் கெட்டால் தள்ள ஆள் இருக்காது.

என் தலைவலி என்னவென்றால், என் தட்டில் எல்லாம் மேலேதான் குவிகிறது. அடிச்சவ்வை உடைத்துக் கீழே இறங்கியதே இல்லை. அது இறங்கினால்தான் புற்றுநோய். அந்த ஒன்றைக் காட்டிவிட்டால் பேராசிரியர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்.

நாக்கிலும் இதே கதைதான். அண்ணனைப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் நாக்குக்கு ஓய்வு கொடுக்க வேறு வழியில்லை.

ஸ்லைடு எப்போது?

வாலு


மார்ச் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

இருமல் முழுக்க நின்றதா? வெந்நீர் குடி.

இருபத்திரண்டு ஸ்லைடு அனுப்பியிருக்கிறேன். எண் மட்டும் போட்டிருக்கிறது. எதையும் அவசரத்தில் பார்க்காதே. ஒவ்வொன்றையும் முழுதாகப் பார். எண்ணைத் தவிர வேறு எதையும் நினைக்காதே. பார்த்து முடித்த அன்றே எழுது.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார்.

அண்ணி


மார்ச் 21

என் தங்கமான அண்ணிக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் பொறுமை இல்லை, மன்னியுங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எண் 17! அண்ணி, எண் 17!

மற்ற இருபத்தொன்றும் வழக்கமான கதை. சிலது சமர்த்தாகத் தட்டையாக இருக்கின்றன, சிலது புடைத்து மேலே குவிந்திருக்கின்றன. எல்லாம் சவ்வுக்கு மேலேதான். சலிப்போடு 17ஐ வைத்தேன். முதலில் ஓரத்தில் படலம் ஒழுங்காக இருக்கிறது. அப்படியே நகர்த்தினால் செல்கள் பெருத்து, மேல் கீழ் மறந்து, கண்டபடி ஏறிக்கிடக்கின்றன. இன்னும் நகர்த்தினால் சவ்வு அறுந்து, செல்கள் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கியிருக்கின்றன. எழுந்து அறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினேன். பக்கத்து மேஜைக்காரி எனக்குப் பைத்தியம் என்றாள்.

அருமை, அண்ணி. இவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததில்லை. பேராசிரியர் பெரிய திரையில் போட்டு அரை மணி நேரம் பார்த்தார். "இதை அச்செடுத்துச் சுவரில் மாட்டு" என்றார். ஜூன் கெடு போயே போச்சு. இன்னும் இரண்டு வருஷம் தருகிறாராம்!

ஒரே ஒரு குறை. அந்த 17இல் மட்டும் தடித்தும் மெலிந்தும் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. உங்கள் கைவேலையில் இப்படிப் பார்த்ததே இல்லை. வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றும்போது யாராவது கூப்பிட்டார்களா?

மதிப்பெண் தாளை இணைத்திருக்கிறேன். 17க்கு முழு மதிப்பெண். பட்டியலை உடனே அனுப்புங்கள். அது எந்த பிளாக் என்று தெரிந்தால் மறுபடி அதேபோல வளர்ப்பேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், கீரை விளைந்துவிட்டது என்று.

ஆனந்தக் கூத்தாடும்
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. சந்தோஷமாக இருப்பது தெரிந்தது. பட்டியல் இத்துடன்.

17இல் சவ்வு அறுந்திருக்கிறது என்பது நிச்சயமா? மடிந்து விழுந்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம் இல்லையா? வெட்டில்தான் பட்டை இருக்கிறதே. இல்லை என்று சொல்வதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா, இன்னொரு முறை பார்.

அண்ணி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? கடிதம் தந்தி மாதிரி சுருங்கிக்கொண்டே போகிறது. அண்ணனிடமிருந்தும் சத்தமே இல்லை. நான்கு முறை போன் செய்தேன். "தொண்டை கட்டியிருக்கு"ன்னு ஒரு செய்தி அனுப்பினான், அவ்வளவுதான்.

பட்டியலில் எல்லா எண்ணுக்கும் பிளாக் எழுதியிருக்கிறீர்கள். 17க்கு நேரே காலியாக இருக்கிறது. முக்கியமானதை மறந்துவிட்டீர்களே!

இன்னொரு முறை பார்த்தேன். நீங்கள் சொன்னதற்காக இன்னும் ஒரு முறையும் பார்த்தேன். மடிப்பு இல்லை. மூன்று இடத்தில் சவ்வு அறுந்திருக்கிறது. செல்கள் இறங்கியிருக்கின்றன. சத்தியம் பண்ணட்டுமா? என் வேலையில் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், இதிலுமா சந்தேகப்படுவீர்கள்?

இருபத்தைந்தாம் தேதி எல்லார் முன்னாலும் படத்தைக் காட்டி விளக்க வேண்டும். அதற்குள் சொல்லுங்கள், 17 எந்த பிளாக்?

வாலு


ஏப்ரல் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

17 உன் பிளாக் இல்லை. உன் அண்ணனுடையது.

இதை எப்படி எழுதுவது என்று பத்து நாளாக யோசித்தேன். யோசித்து ஒரு பலனும் இல்லை, எழுதிவிட்டேன்.

பிப்ரவரி மாதம் புண்ணிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆஸ்பத்திரிதான். எங்கள் அறைதான். அந்த பிளாக் என் மேஜைக்குத்தான் வந்தது. கூட வேலை செய்கிறவள், "நான் வெட்டுறேன், நீங்க வெளியில போய் நில்லுங்க"ன்னு சொன்னாள். மனசு கேட்கவில்லை. நானே வெட்டினேன். டாக்டர் பார்த்து, செல்கள் மாறியிருக்கின்றன, ஆனால் கீழே இறங்கவில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று எழுதினார். உன் அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார்.

எனக்கு அடங்கவில்லை. மேலாக வெட்டினால் ஒரு கதை தெரியும், ஆழமாக வெட்டினால் வேறு கதை தெரியும். இருபது வருஷத்தில் இதை எத்தனை பார்த்திருக்கிறேன். யாரிடமும் கேட்காமல் அதே பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டினேன். கைப்பிடி சீராகச் சுற்றவில்லை. நீ கேட்டாயே, யாராவது கூப்பிட்டார்களா என்று. யாரும் கூப்பிடவில்லை.

பார்த்தேன். நீ பார்த்ததைத்தான் பார்த்தேன். டாக்டரிடம் கொண்டுபோனால், "வெட்டுறது உங்க வேலை, பாக்குறது என் வேலை. வீட்டு ஆளுன்னா கண்ணு தப்பாதான் பாக்கும்"ன்னு சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தானே என்று பட்டது. நான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. யார் என்று தெரியாமல் ஒருத்தர் பார்த்துச் சொன்னால் நம்புவேன் என்று தோன்றியது. ஆழமாக வெட்டியதில் ஓரமாக ஒரு சின்னக் கீற்றை மட்டும், உன் தட்டுத் திசு அளவுக்கே எடுத்து, உன் ஸ்லைடுகளோடு சேர்த்துவிட்டேன். "சவ்வு முழுசா இருக்கு, சலிப்பா இருக்கு" என்று நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

நீ "அருமை" என்று எழுதினாய்.

உன்மேல் கோபமில்லை. சத்தியமாக இல்லை. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் வந்துவிட்டார். கடிதத்தை வாங்கிப் படித்தார். டாக்டரின் தாளை நம்பி ஆபரேஷனே வேண்டாம் என்று இருந்த மனுஷன், உன் கூத்தைப் படித்துவிட்டு, "அவளுக்கு நான்னு தெரியாதுல்ல?"ன்னு கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப நெசம்தான்"ன்னு சொன்னார்.

ஆழமாக வெட்டின இன்னொரு ஸ்லைடையும் உன் மதிப்பெண் தாளையும் டாக்டர் மேஜையில் வைத்தேன். இந்த முறை நிதானமாகப் பார்த்தார். அறிக்கையை மாற்றி எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மே மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

உன்னிடம் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். போனில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் எடுக்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 28

அண்ணி,

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்காவது தாள் இது. முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. இருபத்தைந்தாம் தேதி நான் அந்தப் படத்தைக் காட்டிவிட்டேன். முப்பது பேர் முன்னால் நின்று, என் அண்ணனுடைய நாக்கைக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு தெளிவாக இருக்கிறது" என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அந்த ஸ்லைடில் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் செல்களை ஜெல்லின் மேல் வளர்க்கிறேன். ஜெல்லில் ரத்தம் கிடையாது. 17இல் ரத்த அணுக்கள் இருந்தன, அண்ணி. சிவப்பாக, வரிசையாக, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி. சாயத் துகள் என்று ஒதுக்கிவிட்டேன். அடியில் நார் நாராக இருந்தது, ஜெல் சரியாக உறையவில்லை என்று குறித்துக்கொண்டேன். எனக்கு அது என்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்று உங்களுக்குப் பாடம் எடுத்தேனே, ஆசைப்பட்டாலும் பொய் சொல்லும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். படத்தைக் கழற்றச் சொன்னார். ஜூன் கெடு திரும்பி வந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஆபரேஷனைத் தள்ளிப்போட விடாதீர்கள். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வருகிறேன் என்று மூன்று தாளிலும் எழுதியிருந்தேன். தட்டுகளுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தீனி போடாவிட்டால் செத்துவிடும் என்றும் எழுதியிருந்தேன். அது ஒரு காரணமா? அவன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை, அண்ணி. அதுதான் காரணம்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

வாலு


ஜூன் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுத உட்காரக்கூட முடியவில்லை.

மே பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன் முடிந்தது. ஏழு மணி நேரம். நாக்கில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டார்கள். கழுத்திலும் கீறி நெறிகளை எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லையாம். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அரைத்த உணவைத்தான் சின்னக் கரண்டியால் விழுங்குகிறார். பேச முயற்சி செய்கிறார். எனக்குப் பாதி புரிகிறது. புரியாததற்கும் சரி சரி என்று தலையாட்டினால் கண்டுபிடித்துவிட்டு முறைக்கிறார். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பேருந்து நிலையத்தில் மைக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவரைப் பொருள் வைப்பறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

வெட்டி எடுத்த துண்டின் விளிம்பு சுத்தம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். துண்டைச் சுற்றிக் கருப்பு மை தடவியிருப்பார்கள். மைக்கும் கெட்ட செல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்று அர்த்தம். இடைவெளி இல்லையென்றால் உள்ளே மிச்சம் இருக்கிறது.

நீ நினைப்பது சரிதான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அந்தத் துண்டின் விளிம்பு பிளாக்குகளைக் கடன் வாங்கி வந்து ஆழமாக வெட்டினேன். பன்னிரண்டு ஸ்லைடு அனுப்புகிறேன். இந்தத் தடவை ஒளிவுமறைவு இல்லை, பன்னிரண்டும் அவருடையதுதான். எது எந்த விளிம்பு என்று மட்டும் எழுதவில்லை. நான் பார்த்துவிட்டேன். என்ன பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

நீ பார்த்துச் சொல்.

அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

பன்னிரண்டையும் பார்த்தேன். பெட்டியைத் திறக்கவே இரண்டு நாள் ஆனது. திறந்ததும் வரிசையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதினொன்று கண்ணாடி மாதிரி சுத்தமாக வெட்டியிருக்கிறது. ஏழில் பட்டை விழுந்திருக்கிறது. முதலில் பார்த்ததை நம்பாமல் அதை மட்டும் மறுபடி வெட்டியிருக்கிறீர்கள். உங்கள் கை எனக்கு முன்பே சொல்லிவிட்டது, அண்ணி. நுண்ணோக்கியில் வைக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தும் பார்த்தேன். பொய்யாக இருக்கட்டும் என்று மூன்று நாள் பார்த்தேன். பேர் சொல்லாமல் இன்னொருத்தரையும் பார்க்க வைத்தேன்.

எண் 1 முதல் 6 வரை: விளிம்பு சுத்தம்.
எண் 8 முதல் 12 வரை: விளிம்பு சுத்தம்.
எண் 7: கெட்ட செல்கள் மையின் மேலேயே நிற்கின்றன. இடைவெளி இல்லை.

நான் டாக்டர் இல்லை. பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். தாமதிக்காமல் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுபடி வெட்டியோ கதிர் கொடுத்தோ பிடிக்கிற நிலையில்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

ஆராய்ச்சியை இன்றோடு மூடிவிட்டார்கள். நல்லதுதான்.

வாலு


ஜூலை 9

அடி வாலு,

நான் சுகம் என்று தொடங்கலாமா? நீ சிரித்துவிடுவாய். சோறு கூழாகவும் பேச்சு சைகையாகவும் போய்க்கொண்டிருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா என்று உன் அண்ணி கேட்கச் சொல்லவில்லை, நானே கேட்கிறேன்.

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. இத்தனை வருஷம் வாயாலேயே காலம் ஓட்டிவிட்டேன்.

நீ மன்னிப்புக் கேட்டதாக உன் அண்ணி சொல்லவில்லை. கடிதத்தைக் காட்டிவிட்டாள். மன்னிக்க என்ன இருக்கிறது? இந்த ஜென்மத்தில் என்னை அழகு என்று எழுதிய ஒரே ஆள் நீதான். உன் அண்ணிகூட எழுதியதில்லை. நீ அப்படிக் குதிக்காவிட்டால் நான் அந்த ஆறு மாதத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருப்பேன். அதை மனசில் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ஜூன் முப்பதாம் தேதி எழுதிய கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. உன் அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். தபால்காரர் என் கையில் கொடுத்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரித்துவிட்டேன். எண் ஏழைப் படித்தேன். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. கத்த முயற்சி செய்தேன். என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் எனக்குப் பயம் வந்தது. அவள் இதைப் படிக்கும்போது நான் முன்னாலேயே படித்துவிட்டேன் என்று தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. உறையை ஒட்டப் பசை தேடினேன். அவள் மேஜை இழுப்பறையில், ஸ்லைடின் மேல் மெல்லிய கண்ணாடி ஒட்டுகிற பசை சின்னக் குப்பியில் இருந்தது. அதைத் தடவி ஒட்டி, வாசலில் கிடந்த மாதிரியே போட்டு வைத்தேன்.

வந்தாள். எடுத்தாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு படித்தாள். முகம் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சுத்தமா இருக்காம். பன்னெண்டும் சுத்தம்னு எழுதியிருக்கா"ன்னு சொன்னாள். நான் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்குப் பிடித்த பாட்டை வைத்துவிட்டு வீட்டைப் பெருக்கினாள். ஆறு நாளாகிறது. இன்னும் அதையேதான் சொல்கிறாள். அவளைக் குறை சொல்லாதே. ஊரில் ஆயிரம் பேருடைய சேதியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தவள். ஒருத்தர் முகத்தைப் பார்த்தும் அவள் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

நேற்று அவளுக்குத் தெரியாமல் பேருந்து ஏறி ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனேன். நீ எழுதியதை நோட்டில் பார்த்து எழுதி வைத்திருந்தேன், காட்டினேன். முகம் மாறிவிட்டது. "அந்த ஏழாம் நம்பர் ஸ்லைடை என் கண்ணால பாக்கணும். இன்னும் ஆழமா இருக்குன்னா உடனே மறுபடி உள்ள போகணும். தாமதிச்சா கை மீறிடும்"ன்னு சொன்னார். வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் நாள் குறித்திருக்கிறார்.

ஸ்லைடு உன்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்பாதே. உடைந்தால் இன்னொன்று வெட்ட அந்த பிளாக்கில் மிச்சமில்லை, எல்லாவற்றையும் வெட்டித் தீர்த்துவிட்டாள். நீயே கையில் கொண்டு வா. தட்டெல்லாம்தான் மூடிவிட்டார்களே, இனி யாருக்குத் தீனி போடப் போகிறாய்?

இன்னொன்று. அந்தப் பசைக்கு ஒரு வாடை உண்டு. இருபது வருஷமாக அவள் புடவையில், தலைமுடியில், எங்கள் தலையணையில் இருக்கிற வாடை. எனக்கு அது பழகிப்போனதால் ஒட்டும்போது தோன்றவே இல்லை. அன்றைக்கு அவள் உறையைப் பிரித்தபோது ஒரு நிமிஷம் அதை மூக்கருகே கொண்டுபோனாள். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் குழாயைத் திறந்தாள்.

ஆக அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று. அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பன்னிரண்டும் சுத்தம் என்று தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சொல்ல எனக்கு நாக்கு இல்லை, அவளுக்கு மனசு வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, வாலு. நீ வந்து, எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்து, ஏழாம் எண்ணில் என்ன இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லு.

அண்ணன்